சோறு, நெய், ஒரு ரயில்வே கணக்கு

இந்த வாரமும் தூத்துக்குடிதான். ஆனா முத்தும் இல்ல, துறைமுகமும் இல்ல. சோத்தைப் பத்திப் பேசப் போறோம்.

என் பெரியப்பா 1974ல் ரயில்வேயில் சேர்ந்தவர். பாதி சர்வீஸ் மணியாச்சி ஜங்ஷன்லயே போச்சு. சுகர் வந்து 18 வருஷம் ஆகுது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பெங்களூர்ல இருக்கிற அவர் மகன் போன் பண்ணி "அப்பா, கார்பை கட் பண்ணுங்க"ன்னு சொல்லியிருக்கான். அன்னையோட வீட்டில் சோறு நின்னு போச்சு. முட்டை, நெய், மீன் வறுவல், பாதாம்னு நல்லாத்தான் போச்சு. நாலாவது நாள் சாயங்காலம் மார்க்கெட்ல வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அப்படியே உட்கார்ந்துட்டார். பக்கத்துக் கடைக்காரர் வாயில போட்ட கருப்பட்டித் துண்டுதான் அவரை எழுப்பியது. மனுஷன் சோத்தை நிறுத்தினாரே தவிர மாத்திரையை அதே அளவுலதான் போட்டுட்டு இருந்தார். கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை அது. மாவுச்சத்து வரலைன்னாலும் அது தன் வேலையைச் செய்யும், சர்க்கரை தரைக்கு இறங்கிடும். டாக்டர்கிட்ட கேக்காம இந்த டயட்டை ஆரம்பிக்காதீங்கன்னு சொல்றது இதனாலதான்.

உடம்பு தேறினதும் பெரியப்பா கேட்ட கேள்விதான் இந்த எபிசோட். "ஏல, பஞ்சாபிக்காரன் நெய்யாக் குடிக்கான், அவனுக்கு ஒண்ணும் ஆவல. நாம ஒரு ஸ்பூன் நெய்க்கே யோசிக்கோம். நமக்கு மட்டும் ஏம்ல இப்படி?"

இதே கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் எலிகளை வெச்சுக் கேட்டிருக்கார். ராபர்ட் மெக்கரிசன், பிரிட்டிஷ் ராணுவ டாக்டர். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல 1918ல் பெரிபெரி ஆய்வா தொடங்கின வேலை அது. இன்னைக்கு ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட ஆரம்பமும் அதுதான். இந்தியாவோட ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுற சாப்பாட்டை ஒவ்வொரு எலிக் கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள்தான் நல்லா வளர்ந்தன. கடைசி இடம் யாருக்குன்னு ஊகிச்சிருப்பீங்க. மெட்ராஸ் சாப்பாட்டுக்கு. தீட்டின அரிசி, பால் ரொம்பக் கம்மி.

அடுத்தது ரயில்வே கதை. பெரியப்பா வேலைக்குச் சேர்றதுக்கு ஏழு வருஷம் முன்னாடி, 1967ல், எஸ்.எல். மல்ஹோத்ரான்னு ஒரு ரயில்வே டாக்டர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாடு முழுக்க இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களோட சாவுக் கணக்கை எடுத்து, மாரடைப்புல யார் செத்தாங்கன்னு பிரிச்சார். தெற்கே லட்சத்துக்கு 135 பேர். பஞ்சாப்ல 20 பேர். ஏறக்குறைய ஏழு மடங்கு! சாகும்போது சராசரி வயசு தெற்கே 44, வடக்கே 52. இத்தனைக்கும் பஞ்சாபிகள் சாப்பிட்ட கொழுப்பு நம்மளைவிட 8 முதல் 19 மடங்கு அதிகம். தூத்துக்குடி ஸ்டேஷனும் மணியாச்சியும் தெற்கு ரயில்வேல இருந்தவைதான். பெரியப்பாவுக்கு முன்னாடி அங்க கொடி பிடிச்சவங்களும் அந்தக் கணக்குல வந்திருப்பாங்க.

இந்த ரெண்டையும் கீட்டோ, பேலியோ வீடியோக்கள்ல கேட்டிருப்பீங்க. "பாத்தீங்களா, நெய் நல்லது, கார்ப் கெட்டது"ன்னு முடிச்சிடுவாங்க. எனக்கு இங்கதான் இடிக்குது. அந்த சீக்கியச் சாப்பாட்டுல நடுநாயகம் எது? கோதுமை ரொட்டி! மாவுச்சத்துக்கு அங்க ஒரு குறையும் இல்ல. ரொட்டியோட பாலும் தயிரும் பருப்பும் காய்கறியும், எப்பவாவது கறியும் இருந்தது. மல்ஹோத்ராவே கொழுப்போட அளவைக் காரணமாச் சொல்லல. பால் கொழுப்பா விதை எண்ணெயா, மென்னு சாப்பிடுறாங்களா குழைச்சு முழுங்குறாங்களா, நார்ச்சத்து உண்டாங்கிற பக்கம் போனார். அதுவும் அவர் யூகம்தான். சாவுக் கணக்கை வெச்சு யார் எங்க செத்தாங்கன்னு சொல்லலாம், ஏன்னு நிரூபிக்க முடியாது. அந்தப் பஞ்சாபும் அப்படியே இல்ல. 2023ல் வந்த ஐசிஎம்ஆர் இந்தியாப் ஆய்வுல, உயர் ரத்த அழுத்தத்தில் நாட்டிலேயே முதலிடம் பஞ்சாபுக்குத்தான், 51.8 சதவீதம்.

"நம்ம முன்னோர் லோ கார்ப்"ங்கிறதும் இந்தக் கரைக்கு ஒத்து வராது. தாமிரபரணிப் பாசனம் இருந்த இடத்தில் நெல். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனா தேரிமணல், பனை, கம்பு, சோளம். கம்புலயும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல மாவுச்சத்துதான். பதநீரும் கருப்பட்டியும் வேற. ஆனா வெயில்ல பனை ஏறினவருக்கும் சங்கு குளிக்க முங்கினவருக்கும் அது எரிஞ்சு போச்சு. இன்னைக்கு 2011லேர்ந்து ரேஷன்ல அரிசி இலவசம், வேலை நாற்காலியில. (பசியைப் போக்கின திட்டம் அது, நான் குறை சொல்லல.)

சரி, கார்பைக் குறைச்சா பலன் உண்டா? உண்டு. டைப் 2 சுகர்காரங்ககிட்ட நடந்த 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த கட்டுரைப்படி, ஆறு மாசத்துல நிறைய பேருக்கு சர்க்கரை நார்மலுக்கு வந்தது, எடையும் குறைஞ்சது. ஒரு வருஷத்துல அந்த வித்தியாசம் பெருசாச் சுருங்கிடுச்சு. சிலருக்கு எல்டிஎல் கொலஸ்ட்ரால் ஏறும், அதனால டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டே இருக்கணும்.

2022ல் சென்னை ஆய்வாளர்கள் பங்கெடுத்த இந்தியாப் குழு, 18,090 பேரோட சாப்பாட்டை அலசி வேற மாதிரி ஒரு கணக்கு போட்டது. புதுசா சுகர் வந்தவங்க அதிலேர்ந்து மீள, கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20. கொழுப்பு 21 முதல் 26தான், நெய்க்குடம் எதுவும் இல்ல. இந்தியர்களோட இப்போதைய சராசரி மாவுச்சத்து 62 சதவீதம். அதாவது தட்டுலேர்ந்து ரெண்டு கரண்டி சோறு போய், அந்த இடத்துக்குப் பருப்போ மீனோ வரணும். மெக்கரிசனோட எலிகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருக்கு. மெட்ராஸ் தட்டுல சோறு இருந்தது தப்பில்ல, சோத்தைத் தவிர வேற எதுவும் போதுமான அளவு இல்லாததுதான் சிக்கல்.

கடலோரத்து ஊருக்கு இதைச் செய்ய எவ்வளவு செலவாகும்னு நினைக்கிறீங்க? நெய்மீன் வேண்டாம், சாளையும் நெத்திலியும் போதும்.

பெரியப்பாவுக்கு டாக்டர் மாத்திரையோட அளவை மாத்திக் கொடுத்திருக்கார். போன மாசம் திரேஸ்புரத்துல அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தட்டுல ஒரு கப் அளந்து வெச்ச சோறு, சாளைக் குழம்பு, முருங்கைக்கீரை. நெய் பாட்டில் அலமாரியிலேயே இருந்தது. "பஞ்சாபிக்காரன் என்னத்தையும் தின்னுட்டுப் போறான்ல"ன்னார். பெரியம்மா பார்க்காத நேரம் இன்னும் அரைக் கரண்டி சோறு போட்டுக்கிட்டார்.