ஊசியும் பதிவேடும்

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு, இரயில் நிலையத்தில் நின்று பெயரும் ஊரும் சொல்லுவது புதிய அநுபவமன்று. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கோவிட் நோய் பரவியபோது அவ்வினாக்களோடு வேறு இரண்டும் சேர்ந்தன. தடுப்பூசி போட்டுக்கொண்டதற்குச் சான்று எங்கே என்பது ஒன்று. கைத்தொலைபேசியில் அரசாங்கத்தின் செயலி இருக்கிறதா என்பது மற்றொன்று. முன்னது நம் உடலைப் பற்றியது. பின்னது நாம் எங்கே சென்றோம், யாருடன் இருந்தோம் என்பதைப் பற்றியது. கணிப்பொறிக் காலத்தில் பிறந்த வினாக்கள் இவை என்று பலர் எண்ணுகின்றனர். வரலாற்றைச் சற்றே திருப்பிப் பார்ப்போமாயின், இவை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டு இரயில் நிலையங்களில் எழுந்தவை என்பது புலனாகும்.

நம் நாட்டில் அம்மைப்பால் முதன்முதல் குத்தப்பட்டது 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், பம்பாயில், மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு. அதன் பின் எழுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1880-இல், குறிப்பிட்ட நகராட்சிகளிலும் படைக் குடியிருப்புகளிலும் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க இடமளிக்கும் சட்டம் வந்தது. மக்களிற் பலர் அதனை விரும்பவில்லை. ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்த பாலை மற்றொரு குழந்தையின் கையில் ஏற்றும் முறை அந்நாளில் பெரிதும் வழங்கிற்று. அது யாருடைய குழந்தை, எவ்வகை நோயுடையது என்ற அச்சம் பெற்றோர்க்கு இருந்ததில் வியப்பில்லை. எதிர்ப்பு முழுவதையும் அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. நான்கே பிரிவுகள் கொண்ட மிகச் சிறிய சட்டம் அது. இரயிலிலும் பிற வழிகளிலும் பயணம் செய்வோரைச் சோதிக்கலாம், நோயுற்றவரென்று ஐயுறப்படுவோரைப் பிரித்து வைக்கலாம், மீறுவோரைத் தண்டிக்கலாம், நல்லெண்ணத்துடன் கடமையாற்றிய அதிகாரி மீது வழக்குத் தொடுக்க இயலாது. இவ்வளவே அதன் சாரம். அதிகாரம் எதுவரை செல்லும், சோதிக்கப்படுவோர்க்கு உரிமை யாது, திரட்டிய விவரங்களை என்ன செய்வது என்பன பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மத்திய அரசாங்கத்தின் ஆணைகளைத் தமிழாக்கும் பணியிலுள்ள நாம், சட்டத்தில் உள்ள சொற்களை நோக்குவது போலவே இல்லாத சொற்களையும் நோக்கப் பழகியவர்கள். இச்சட்டத்தின் வரலாறு முழுவதும் அந்த இல்லாத சொற்களின் வரலாறே எனலாம்.

அதன் விளைவு புனா நகரில் உடனே தெரிந்தது. படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். பூசையறையும் அடுக்களையும் பெண்டிர் இருந்த அறைகளும் விலக்கப்படவில்லை. 1897 ஜூன் 22-ஆம் நாள் இரவு, பிளேக் தடுப்பு அதிகாரி ராண்ட் சபேகர் சகோதரர்களால் சுடப்பட்டுப் பின்னர் மாண்டார். திலகர் இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்றதும் அவ்வாண்டிலேதான். 1898 மே மாதத்தில், ஊசி கட்டாயமாக்கப்படும் என்ற வதந்தியினாலேயே கல்கத்தாவில் கலகம் மூண்டது.

சென்னை மாகாணத்தில் வேறொரு வழி கையாளப்பட்டது. நோய் கண்ட பகுதியிலிருந்து வருவோர்க்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்ற சீட்டு வழங்கப்பட்டது. பயணியின் பெயரும் போய்ச்சேரும் இடமும் குறிக்கப்பட்ட அச்சீட்டோடு அவர் சென்ற ஊரில் சில நாட்கள் வரை அதிகாரியின் பார்வைக்கு உட்பட வேண்டும். அனைவரையும் முகாமில் அடைப்பதை விட இது மென்மையான முறையே. ஆயினும் ஒரு மனிதன் எங்கிருந்து வந்தான், எங்கே தங்குகிறான் என்பதை நோயின் பெயரால் அரசாங்கம் எழுதிவைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே வேரூன்றியது. இன்றைய செயலியின் பாட்டனார் அந்தக் காகிதச் சீட்டுதான்.

அக்காலத்தில் ஊசியின் கதையும் நேர்வழியில் செல்லவில்லை. பிளேக் தடுப்பு மருந்தை ஆக்கிய ஹாஃப்கின் 1897 ஜனவரி 10-ஆம் நாள் அதனை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். அத்தகைய மருந்தைப் பஞ்சாபில் முல்கோவால் என்னும் சிற்றூரில் 1902-இல் போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் வில்வாத நோயால் இறந்தனர். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது. அவர் குற்றமற்றவர் என்று நிலைநாட்டப்பட ஆண்டுகள் சில சென்றன. ஊசி பெரும்பாலோரைக் காப்பது. சிலருக்குத் தீங்கும் நேரக்கூடும். அத்தீங்கை மறைக்காமல் எண்ணிச் சொல்லும் அரசாங்கத்தின் மீதே மக்களுக்கு நம்பிக்கை பிறக்கும்.

விடுதலைக்குப் பின்னும் இவ்வாதம் ஓயவில்லை. காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசியை ஊர்தோறும் பள்ளிதோறும் போட்டு வந்த காலத்தில், 1955-இல், இராஜாஜி அதனை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். பெரியவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்றனர் பலர். ஆயினும் 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆராய்ச்சியின் முதல் அறிக்கை 1979-இல் வெளிவந்தபோது, பெரியோர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கக் காணோம் என்ற முடிவு உலகையே திகைக்க வைத்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளிலிருந்து அது காப்பதால் இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. ஆகவே இராஜாஜி கூறியது முற்றும் சரி என்பதன்று நம் கருத்து. வினா எழுப்பியவரை வாயடைப்பதை விட, ஆராய்ந்து விடை காண்பதே நன்று என்பதுதான்.

மறுபக்கத்தையும் மறத்தலாகாது. பெரியம்மை நம் நாட்டில் 1975 மே மாதத்தோடு ஒழிந்தது. அதன் இறுதிக் கட்டத்தில் சில கிராமங்களில், மறுத்தவர்களைப் பிடித்து வைத்தும் ஊசி குத்தியதுண்டு. நோய் போயிற்று, கோடிக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர். அதே வேளையில், பிடித்துக் குத்தப்பட்டவர்களின் மனக்கசப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இந்தப் பின்னணியில் அண்மைக் காலத்தை நோக்குவோம். 2020 ஏப்ரல் 2-ஆம் நாள் ஆரோக்கிய சேது செயலி வெளிவந்தது. மே 1-ஆம் நாளிட்ட மத்திய ஆணை, எல்லா ஊழியர்களும் அதனை வைத்திருப்பதை நிறுவனத் தலைவரே உறுதி செய்ய வேண்டும் என்றது. மே 17-ஆம் நாளிட்ட ஆணையோ, இயன்றவரை முயன்று செய்க என்று தணிந்தது. பதினாறு நாளில் மாறியவை சில சொற்களே. அச்சொற்களைப் பொறுத்தே, செயலி இல்லாத ஒரு தொழிலாளி ஆலைக்குள் செல்வதும் வாயிலில் நிற்பதும் அமைந்தன. 2021 ஜனவரியில் கர்நாடக உயர்நீதிமன்றம், பயன்படுத்துவோரின் தெளிந்த இசைவின்றி அச்செயலியின் விவரங்களைப் பிறரோடு பகிரலாகாது என்று இடைக்காலத் தடை விதித்தது.

தடுப்பூசியிலும் இவ்வாறே. போட்டுக்கொள்வது தன்விருப்பம் என்று மத்திய அரசாங்கம் கூறிவந்தது. ஆயினும் 2021 ஆகஸ்டு 15 முதல், இரண்டு ஊசியும் போட்டு 14 நாட்கள் கழிந்தவர்களுக்கே பம்பாய்ப் புறநகர் இரயில்கள் பொதுவாகத் திறந்துவிடப்பட்டன. தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் அந்த இரயிலை நம்பி வேலைக்குச் செல்லும் தமிழர்க்கு, விருப்பம் என்ற சொல்லின் பொருள் அன்று எவ்வளவு சுருங்கியிருக்கும்! அதே நேரத்தில், நெரிசல் மிக்க வண்டியில் அருகில் நிற்கும் முதியவரின் உயிரும் பொருட்படுத்தத்தக்கதே. இரு பக்கமும் நியாயம் இருந்ததனாலேயே வழக்கு கடினமாயிற்று.

2022 மே 2-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவரையும் வற்புறுத்தி ஊசி போடுதல் கூடாது. உடலின் மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கியது. பொதுநலன் கருதி அரசாங்கம் தடைகள் விதிக்கலாம்; அவை தேவைக்கு ஏற்ற அளவினவாக இருத்தல் வேண்டும். ஊசி போடாதவர் மீது அப்போதிருந்த தடைகள் அவ்வளவினவல்ல. ஊசிக்குப் பின் நேரும் தீங்குகளைப் பொதுமக்களும் அறிவிக்க வழி வேண்டும். அறிவிப்போரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-இல் கூறியது இதற்கு அடித்தளமாயிற்று. தனிநபர் விவரங்களைக் காப்பதற்கென்று ஒரு சட்டமும் 2023-இல் இயற்றப்பட்டது.

1897-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடுபட்ட சொற்கள் இவைதாம்: தேவை, அளவு, காலவரை, இசைவு, கணக்குக் காட்டுதல். புனாவின் வீடுகளும் கல்கத்தாவின் தெருக்களும் முல்கோவாலின் பத்தொன்பது உயிர்களும் அவற்றைக் கேட்டன. கடைசியில் நீதிமன்றங்கள் எழுதித் தந்தன. தொற்றுநோய் மீண்டும் ஒருநாள் வரும். அன்றும் இரயில் நிலையத்தில் நம் கையை நீட்டச் சொல்வார்கள். நம் பெயரையும் கேட்பார்கள். அயலார் நலம் கருதிக் கையை நீட்டுவோம், பெயரையும் சொல்லுவோம். எதற்காக எழுதுகிறீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று பணிவோடு கேட்கவும் செய்வோம். அவ்வினாவுக்கு விடை சொல்வதும் சுகாதாரப் பணியின் ஒரு பகுதியே.