ஆட்டுநோய்ச் சட்டமும் ஆயர் கடமையும்

அண்ணாமலை என்றவுடன் நெஞ்சில் தோன்றுவது விளக்கு. கோயில் விளக்குக்கும் ஆயர் மந்தைக்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் பலவற்றில், ஒரு நந்தா விளக்கு எரிப்பதற்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் மன்றாடிகளிடம் ஒப்புவிக்கப்பட்ட செய்தி காணப்படுகின்றது. மன்றாடிகளாவார் நம் முன்னோராகிய ஆயரே. அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்பது பெயர். சாவாத ஆடு உலகில் உண்டோ? மந்தையின் தொகை குறையாமற் காப்பது ஆயன் கடன் என்பதே அப்பெயரின் பொருள். கிழடு கழிந்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும். கொள்ளைநோய் வந்து மந்தை பாதியாயினும் நெய்யளவு குறைதல் கூடாது. ஆகவே, நோயினால் வரும் நட்டத்தை ஆயனே சுமக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கமாயிற்று. இவ்வழக்கத்தை நினைவிற்கொண்டே கால்நடை நோய்ச் சட்டங்களின் வரலாற்றை நாம் நோக்குதல் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்துக்கென 1866ஆம் ஆண்டில் மாட்டு நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய இந்திய அரசாங்கத்தார் நியமித்த குழுவினர் 1871இல் தம் அறிக்கையை வெளியிட்டனர். 1889இல் பூனாவில் ஓர் ஆராய்ச்சிச்சாலை தொடங்கப்பெற்று, 1893இல் இமயச் சாரலிலுள்ள முக்தேஸ்வரத்திற்கு மாற்றப்பட்டது. நமக்கு அணித்தாயுள்ள இராணிப்பேட்டையில் 1932இல் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் ஏற்பட்டது. 1940இல் சென்னை மாகாண வெக்கை நோய்ச் சட்டமும் வந்தது. இவை யாவும் நன்முயற்சிகளே. ஆயினும் இவற்றுள் முதலிடம் பெற்றது மாட்டு வெக்கையே. ஏரும் வண்டியும் எருதையே நம்பியிருந்த காலத்தில் அது வியப்பன்று. ஏழையின் செல்வமாகிய ஆடு பின்னிடத்தே நின்றது.

இதில் ஒரு விந்தையுண்டு. 1920களில் முக்தேஸ்வரத்தில் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர், வெக்கைக் கிருமியை வெள்ளாடுகளின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி, அதன் வேகத்தைத் தணித்து, மாடுகளுக்குரிய தடுப்பு மருந்தாக்கினார். இந்நாட்டு மாடுகள் பல, வெள்ளாட்டின் உடலிலிருந்து கிடைத்த மருந்தினாலேயே உயிர் தப்பின. மாட்டைக் காத்த அவ்வாட்டுக்கு உற்ற நோயோ பெயரும் அறியப்படாமற் கிடந்தது.

காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல், மூச்சிரைப்பு ஆகியவற்றைக் காட்டிச் சில நாட்களில் மந்தையை அழிக்கும் ஆட்டுக்கொல்லி நோயை 1942இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதல் வேறு பிரித்து அறிந்தனர். அது வெக்கையைப் பெரிதும் ஒத்திருத்தலின் இந்தியாவில் நெடுநாள் தனித்து அறியப்படவில்லை. 1987இல் விழுப்புரத்தையடுத்த அரசூரில் ஆடுகளிடம் கண்ட நோய் இதுவே எனத் துணியப்பட்டது. இந்நாட்டில் அதுவே முதற்சான்று. அரசூர் நமக்கு அயலூரன்றோ! பின்னர் அரசூர்க் கிருமியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் தடுப்பு மருந்து ஆக்கினர்.

சட்டம் இதற்குப் பின்னரே வந்தது. 2009ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் உரியது. ஆட்டுக்கொல்லி, ஆட்டம்மை, நீலநாக்கு, அடைப்பான் முதலிய நோய்கள் அதன் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. நோய் உண்டென ஐயுறும் உடையவர் கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துப் பொறுப்பாளருக்கோ அறிவித்தல் வேண்டும். நோயுற்ற ஆட்டைப் பிரித்து வைத்தல் வேண்டும். ஓரிடம் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்படின் ஆங்குத் தடுப்பூசி கட்டாயமாகும். கால்நடைப் போக்குவரத்தும் சந்தையும் தடைப்படும்.

இங்கேதான் நம்மவர் மனம் தயங்குகின்றது. அறிவித்தால் விற்க இயலாதே என்று அஞ்சி, நோய் தோன்றிய மந்தையை விரைந்து விற்றுவிடுவாரும் உளர். அவ்வாடு செல்லுமிடமெல்லாம் நோயும் செல்லும்; விற்றவர் உறவினர் பட்டியிலேயே அது புகுதலும் கூடும். ஆதலின் மறைத்தல் குலத்துக்கே கேடாகும். அதுபோலவே, ஊர் நன்மைக்காக நோயை வெளிப்படுத்தும் ஏழை ஆயன் அதனால் வரும் நட்டத்தைத் தனித்துச் சுமக்குமாறு விடுதலும் நீதியன்று. சாவா மூவாப் பேராட்டின் காலம் கழிந்துவிட்டது. விதிகளைப் புதுக்குங்கால் இழப்பீட்டுக்குத் தெளிவான வழியும், மந்தைக்கே வந்து காலத்தில் ஊசி போடும் ஏற்பாடும் வேண்டுமென்று நாம் ஒருமுகமாய்க் கேட்டல் தகும்.

பல நூற்றாண்டு வருத்திய மாட்டு வெக்கை உலகினின்றும் ஒழிந்ததென 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிப்பதென உலக நிறுவனங்கள் 2015இல் குறிக்கோள் கொண்டன. அரசாங்கம் ஊசியைத் தரலாம். முதல் ஆடு இருமும்போது அறிபவன் ஆயனே. அடி அண்ணாமலை முதலாக நம்மவர் வாழும் ஊர்தோறும், நோய் கண்ட அன்றே அறிவிப்பதை வழக்கமாகக் கொள்வோமாக.