சி பிரீபிராசசரைக் கண்டறிதல்

சி மொழியில் ‘#’ குறியுடன் தொடங்கும் வரிகளைக் கம்பைலர் தொடும் முன்பே விரித்துத் தருவது பிரீபிராசசர். பழைய யுனிக்ஸில் அது லிப் அடைவுக்குள் ‘சிபிபி’ என்ற தனி நிரல். அப்போது ஷெல் ஸ்கிரிப்டில் அந்தப் பாதையை எழுதினால் போதுமானதாக இருந்தது.

இன்றைய ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டிலும் அது கம்பைலரோடு ஒன்றிவிட்டது.

அதனால் டேவிட் மெக்கென்சி 1991இல் தொடங்கிய ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கும் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்ட் அந்தப் பாதையை நம்புவதில்லை, ஓட்டிப் பார்க்கிறது. முதலில் கம்பைலரையே பெரிய எழுத்து ‘இ’ விருப்பத்துடன் அழைக்கும். இருக்கும் ஹெடரைச் சேர்த்தால் பிழையின்றி முடிய வேண்டும். இல்லாத ஹெடரைக் கேட்டால் பிழை காட்ட வேண்டும். இரண்டாவது சோதனைதான் கெட்டிக்காரத்தனம்: எதற்கும் தலையாட்டும் நிரல் அதில் மாட்டிக்கொள்ளும். வேறெதுவும் தேறாதபோதுதான் பழைய லிப் பாதை. பயனரே ‘சிபிபி’ என்ற சூழல் மாறியில் பெயர் கொடுத்திருந்தால் தேடல் கிடையாது. சோதனை மட்டும் உண்டு.