குடலை நசுக்காத இடுக்கி: அறுவைச் சிகிச்சைக் கருவிகளில் ஒரு தேடல்

ஜெர்மனியைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் எரிக் மியூஹே, 1985 ஆம் ஆண்டு செப்டம்பரில், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார். பின்னர் உலகெங்கும் பரவிய இம்முறை, நோயாளியின் வலியையும் மருத்துவமனையில் தங்கும் நாட்களையும் குறைத்தது. ஆனால் மருத்துவர் தனது விரல்களால் உறுப்புகளைத் தொட்டறியும் வாய்ப்பு இதில் இல்லாமற்போனது.

விரல்கள் செய்த வேலையை இம்முறையில் செய்வது, பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள நீண்ட இடுக்கியின் நுனியிலுள்ள சிறு தாடைகளே. பிடி தளர்ந்தால் குடல் நழுவும். இறுகினால் திசு நசுங்கும். நசுங்கிய குடற்சுவரில் சில வேளைகளில் நாட்கள் கழித்தே துளை விழுகிறது. அதன்வழி கசியும் கழிவு, வயிற்றறை முழுவதும் தொற்றைப் பரப்பி உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிக்கலின் ஒரு பகுதி கருவியின் கீல்களில் உள்ளது. கைப்பிடியில் செலுத்தப்படும் விசையின் பெரும்பகுதி உராய்வில் வீணாவதால், தாடைகள் எவ்வளவு இறுகப் பற்றியுள்ளன என்பதைக் கை சரியாக உணர்வதில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 1990களில் இதற்கொரு தீர்வை முன்வைத்தனர். ஒன்றன்மீதொன்று உரசும் கீல்களுக்குப் பதிலாக, உருளும் பாகங்களைக் கொண்ட இடுக்கியை அவர்கள் வடிவமைத்தனர். இதனால் உராய்வு வெகுவாகக் குறைந்தது.

தாடைகளின் பரப்பு மற்றொரு சிக்கல். கூரிய பற்கள் ஈரமான திசுவை நழுவாமல் பிடித்தாலும், விசையைச் சில புள்ளிகளில் குவித்துக் காயப்படுத்துகின்றன. இங்கு மரத்தவளையின் பாதம் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியது. அதன் விரல் நுனிகளிலுள்ள அறுகோண அமைப்புகளுக்கிடையே ஓடும் நுண்கால்வாய்கள் நீரை வெளியேற்றுவதால், ஈரப்பரப்பிலும் பிடி நிலைக்கிறது. சீனாவின் பெய்ஹாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதைப் பின்பற்றி உருவாக்கிய இடுக்கிப் பரப்பு குறித்த ஆய்வை 2015 இல் வெளியிட்டனர்.

ரோபோ அறுவைச் சிகிச்சையிலும் தொடு உணர்வின்மை நீண்டகாலக் குறையாகவே இருந்தது. டா வின்சி ரோபோவுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2000 ஆம் ஆண்டில் அனுமதி வழங்கியது. ஆனால் திசுவின்மீது செலுத்தப்படும் விசையை மருத்துவரின் கைக்கு உணர்த்தும் வசதி கொண்ட அதன் ஐந்தாம் தலைமுறை, 2024 மார்ச்சில்தான் அனுமதி பெற்றது.

எனினும், பாதுகாப்பான பிடிவிசைக்கு அனைவருக்கும் பொருந்தும் ஓர் அளவு கிடையாது. ஆரோக்கியமான குடல் தாங்கும் அழுத்தத்தை, வீக்கமுற்ற குடலோ இரத்த ஓட்டம் குன்றிய குடலோ தாங்காது. எனவே கருவி எவ்வளவு மென்மையானதாயினும், எங்கே, எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதை மருத்துவரின் அனுபவமே முடிவுசெய்ய வேண்டியுள்ளது.