தயிர்ச் சட்டிக்குப் பின்: கிரான் பகுதியில் பிளாஸ்டிக் கழிவின் வழிகள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் கோறளைப்பற்று தெற்குப் பிரிவு கிரானை மையமாகக் கொண்டது. பிரதான வீதிக்கு மேற்கே ஆறும் தாழ்நிலமும், அவற்றுக்கு அப்பால் வயல்களும் மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சல் தரைகளும் உள்ளன. நெல்லுக்கு அடுத்தபடியாகப் பாலே இப்பகுதியின் செல்வம். காய்ச்சி ஆறவைத்த எருமைப்பாலை உறைமோர் விட்டு மண்சட்டியில் ஊற்றினால், சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்ச, தயிர் கத்தியால் வெட்டலாம் போல இறுகும். உடைந்த சட்டி ஓடாகி மண்ணோடு சேரும். சோறு கட்டிய வாழையிலை மாட்டுக்குப் போகும். குப்பையை அள்ள யாரும் வரவேண்டியிருக்கவில்லை. அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் கோப்பையும் லன்ச் சீட்டும் வந்தன. ஆனால் வளவின் மூலையில் வீசுவதும் கூட்டி எரிப்பதும் அப்படியே தொடர்ந்தன. பிளாஸ்டிக்கின் தீங்கை இங்கே தீர்மானிப்பது, அது தீக்கும் வெள்ளத்துக்கும் கால்நடையின் வயிற்றுக்கும் போய்ச்சேரும் வழியே. நம் சட்டங்களோ பெரும்பாலும் பண்டங்களின் பட்டியலைத்தான் நீட்டிக்கொண்டு வந்திருக்கின்றன.

பொலித்தீன் 1933இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் தற்செயலாகப் பிறந்த பொருள். 1977இன் திறந்த பொருளாதாரம் இறக்குமதிக்கு வழிவிட்டபின் அது இலங்கையின் கிராமக் கடை வரை பரவியது. போரும் 2004 ஆழிப்பேரலையும் கிழக்கை உலுக்கிய காலத்தில் தறப்பாளும் தண்ணீர்ப் போத்தலும் நிவாரணத்தின் அடையாளமாகவே ஆயின. 2007 ஜனவரியில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டபின், அதே ஆண்டு செப்டெம்பரில் லன்ச் சீட்டுக்கும் ரெஜிபோம் உணவுப் பெட்டிக்கும் தடை வந்தது. 2021இல் சிறு சஷேப் பொதிகளும், விவசாய இரசாயனம் அடைக்கும் பெட், பீவிசி கொள்கலன்களும் பட்டியலில் சேர்ந்தன. 2023 ஒக்டோபரில் உறிஞ்சுகுழல், கரண்டி, இடியப்பத் தட்டு ஆகியவற்றுடன் பிளாஸ்டிக் கோப்பையும் தடைக்குள்ளானது. யோகட் கோப்பைக்கு மட்டும் விலக்கு! பால் விளையும் மாவட்டத்தில் இந்த விலக்கு சிறியதல்ல.

2017இன் அறிவிப்புகளில் ஒன்று தனித்து நிற்கிறது: பிளாஸ்டிக் உட்படக் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்கான தடை. உடல்நல நோக்கில் அத்தனையிலும் கனமானது இதுதான் என்பது என் கணிப்பு. பொலித்தீனைத் தொட்டாலே புற்றுநோய் என்பது ஊரில் பரவலான பேச்சு, அது மிகை. பிளாஸ்டிக் இரசாயனங்களில் பிஸ்பெனோல் பொலித்தீனில் இல்லை; தலேற்றுகள் முதன்மையாக மென்மையாக்கிய பீவிசிக்கு உரியவை. ஆனால் பீவிசிக் குழாய்த் துண்டும் வயர் உறையும் பழைய செருப்பும் கலந்த குவியலுக்குத் தீ வைத்தால் குளோரினிலிருந்து டையொக்சின்கள் என்னும் நச்சுப்பொருட்கள் உருவாகின்றன. சில பத்து வீடுகள் பீப்பாயில் குப்பை எரித்தாலே, நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 தொன் எரிக்கும் கட்டுப்பாடுள்ள உலைக்கு நிகராக டையொக்சின் வெளிவரலாம் என்று அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் கண்டனர். டையொக்சின் கொழுப்பில் தங்குவது. சாம்பல் படிந்த புல்லை மேயும் மாட்டின் பாலில் அது சேரும். பால் விற்கும் ஊருக்கு இது வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல.

அடுத்த வழி நீர். மாரியில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி மூழ்கி, மக்கள் படகேறும் நாட்கள் பலமுறை வருகின்றன. வளவிலும் வாய்க்காலிலும் கிடந்ததெல்லாம் அந்நாட்களில் தாழ்நிலத்துக்கும் வாவிக்கும் இறங்கும். கண்டல் வேரில் சிக்கும் பொலித்தீன் வெயிலில் நொறுங்கி நுண்பிளாஸ்டிக்காகும். மூன்றாவது வழி வயிறு. விலங்குக்கு வரும் கேட்டை அயல் மாவட்டமே காட்டுகிறது: அம்பாறை, பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் விழுங்கிய யானைகள் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது இறந்தன என்று 2022இல் செய்திகள் வந்தன. அசைபோடும் மாட்டின் முதலிரைப்பையில் பொலித்தீன் உருண்டு அடைத்துக்கொண்டால் வெளியேறாது; தீனி இறங்காமல் மாடு மெலியும்.

மறுப்புகள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. 2015இல் வெளிவந்த உலகக் கணக்கு, கடலுக்குப் பிளாஸ்டிக் அனுப்பும் நாடுகளில் இலங்கையை ஐந்தாம் இடத்தில் வைத்தது. அதன் அடிப்படை, ஓர் இலங்கையர் நாளொன்றுக்கு 5.1 கிலோ குப்பை போடுகிறார் என்ற நம்பமுடியாத எண். அதை இன்றும் மேடைகளில் ஒப்புவிப்போர் தம் வாதத்தையே பலவீனப்படுத்துகிறார்கள். 2024இல் இத்தாலிய மருத்துவர்கள் 257 நோயாளிகளில் 150 பேரின் கழுத்துத் தமனிக் கொழுப்புப் படிவில் பொலித்தீனைக் கண்டு, அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நாலரை மடங்கு என்றனர். அது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. அதனால்தான் டையொக்சின் போல நெடுங்காலம் நிறுவப்பட்ட தீங்கை முதலில் எடுக்கவேண்டும் என்கிறேன். சட்டிக்கே திரும்பிவிடலாம் என்ற யோசனையும் முழுத் தீர்வல்ல. சூளைக்கு விறகும் களிமண்ணும் வேண்டும், பாரமும் உடைவும் வியாபாரியின் நட்டம். பிளாஸ்டிக் குடம் தண்ணீர் சுமக்கும் பெண்களின் இடுப்புச் சுமையைக் குறைத்தது என்பதையும் மறுக்கமுடியாது.

2025 நவம்பர் முதல் சொப்பிங் பைக்குக் காசு வாங்கி, அதைப் பற்றுச்சீட்டில் காட்டவேண்டும் என்பது விதி. பற்றுச்சீட்டே கொடுக்காத சந்திக்கடையில் அந்த விதி எப்படிப் பிடிக்கும்? எரிப்புத் தடைக்கு உயிர்கொடுக்க, மாரி தொடங்குமுன் செப்டெம்பரிலேயே பிரதேச சபையின் உழவு இயந்திரம் உள்ளூர் ஒழுங்கைகளுக்கு ஒரு சுற்று வந்து, வெறுமையான விவசாய இரசாயனப் போத்தல்களையும் பீவிசியையும் தனியே ஏற்றிப் போனால், தீக்கும் வெள்ளத்துக்கும் அவ்வாண்டு போவதில் ஆபத்தான ஒரு பங்கு குறையும்.