உபரி படைத்துறை ரைபிள் விற்பனை (ஐக்கிய அமெரிக்கா)

உபரி படைத்துறை ரைபிள் என்பது ஒரு நாட்டின் படையில் பயன்பாட்டிலோ இருப்பிலோ இருந்து, பின்னர் தேவையற்றதெனக் கழிக்கப்பட்டுப் பொதுமக்களிடம் விற்பனைக்கு வரும் ரைபிள் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இலக்குச் சுடுதல் போட்டியாளர்களும் சேகரிப்பாளர்களும் இவற்றை வாங்குகின்றனர். அமெரிக்காவின் எம்1 காரண்ட், எம்1903 ஸ்பிரிங்ஃபீல்டு, பிரித்தானியாவின் லீ-என்ஃபீல்டு, செருமனியின் மௌசர் கே98கே, உருசியாவின் மோசின்-நாகன்ட் ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. பழைய ரைபிள் ஒன்று சுடுவதற்குப் பாதுகாப்பானதா என்பதை அதன் வெளித்தோற்றம் காட்டுவதில்லை. ஆகவே அது எங்கு வாங்கப்படுகிறது, விற்பவர் அதனைச் சோதித்துள்ளாரா என்பன விலைக்கு இணையான முக்கியத்துவம் பெறுகின்றன.

வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தபின், கழிக்கப்பட்ட ஆயுதங்களை ஏலத்தில் வாங்கி விற்கும் வணிகம் அங்கு வளர்ந்தது. இவ்வணிகத்தின் முன்னோடியான பிரான்சிசு பானர்மன் நியூயார்க் நகரில் கடை நடத்தினார். 1898 ஆம் ஆண்டின் எசுப்பானிய-அமெரிக்கப் போருக்குப் பின் அவர் வாங்கிய பொருட்களில் வெடிபொருட்களும் இருந்தமையால், அவற்றை நகருக்குள் வைக்க இயலவில்லை. அதற்காக அட்சன் ஆற்றிலுள்ள பொலபெல் தீவை வாங்கிக் கோட்டை வடிவில் கிடங்கு கட்டினார். அதன் இடிபாடுகள் இன்றும் உள்ளன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய நாடுகளின் பழைய ரைபிள்கள் பெருமளவில் அமெரிக்காவுக்கு வந்தன. சாமுவேல் கமிங்சு நிறுவிய இன்டர்ஆர்ம்சு இவ்வணிகத்தில் பெரும் நிறுவனமாக விளங்கியது. அக்காலத்தில் இதழ் விளம்பரத்தைப் பார்த்து அஞ்சல் வழியே ரைபிள் வாங்க முடிந்தது. குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி 1963 நவம்பர் 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது, லீ ஆர்வி ஒசுவால்டு பயன்படுத்திய ரைபிள் இவ்வாறு வாங்கப்பட்டதே. அது இத்தாலியப் படையின் 6.5 மிமீ கார்கானோ உபரி ரைபிள் ஆகும். சிகாகோவிலிருந்த ஒரு விளையாட்டுப் பொருள் கடையிலிருந்து, தொலைநோக்கியுடன் 19.95 டாலர் விலையில், புனைபெயரில் அது வாங்கப்பட்டிருந்தது.

இதன் தொடர்ச்சியாக எழுந்த விவாதங்களின் முடிவில் 1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டம் மாநிலங்களுக்கிடையே பொதுமக்கள் அஞ்சல் வழி துப்பாக்கி வாங்குவதையும், உபரி படைத்துறைத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் தடை செய்தது. 1984 இல் செய்யப்பட்ட திருத்தம், தொல்பொருள் மதிப்புடையவை என வகைப்படுத்தப்பட்ட பழைய ரைபிள்களை மட்டும் மீண்டும் இறக்குமதி செய்ய இடமளித்தது.

வாங்கும் இடங்கள்

குடிமக்கள் குறிசுடுதல் திட்டம்

1903 இல் அமெரிக்கப் பேராயம் குறிசுடும் பயிற்சியை ஊக்குவிக்கத் தேசிய வாரியம் ஒன்றை ஏற்படுத்தியது. 1905 இல் உபரி ரைபிள்களைச் சுடுகலைக் கழகங்களுக்கு அடக்க விலையில் விற்கச் சட்டம் அனுமதித்தது. தரைப்படையின் பொறுப்பிலிருந்த இத்திட்டம் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இலாப நோக்கற்ற தனி அமைப்பாக மாற்றப்பட்டது. இதன் செயலகங்கள் அலபாமா மாநிலத்தின் ஆனிசுடன் நகரிலும், ஒகையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியிலும் உள்ளன. விற்பனை வருவாய் இளையோருக்கான பயிற்சிகளுக்கும் போட்டிகளுக்கும் செலவிடப்படுகிறது.

இங்கு வாங்குபவர் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள அமெரிக்கக் குடிமகனாகவும், வயது வந்தவராகவும், இணைக்கப்பட்ட ஒரு கழகத்தின் உறுப்பினராகவும் இருத்தல் வேண்டும். சுடும் பயிற்சி பெற்றதற்கான சான்றும் தேவை. அறுபது வயது கடந்தவர்களுக்கு இச்சான்றிலிருந்து விலக்கு உண்டு. அஞ்சல் விற்பனைத் தடையிலிருந்து இவ்வமைப்புக்குச் சட்டம் விலக்கு அளித்துள்ளது. எனினும் வாங்குபவரின் பின்னணி சோதிக்கப்படுகிறது.

இங்குள்ள ரைபிள்கள் பரிசோதிக்கப்பட்டு, தேவைப்படின் பழுது நீக்கப்பட்டு, சுட்டுப் பார்க்கப்பட்ட பின்னரே விற்கப்படுகின்றன. குழலின் தேய்மானம், மரக்கட்டையின் நிலை முதலியவற்றின்படி தரம் பிரிக்கப்படுவதால், வாங்குபவர் தாம் பெறப்போவதை ஓரளவு முன்கூட்டியே அறியலாம். காத்திருப்புக் காலமும் ஆண்டுக்கு இத்தனை எனும் வரம்பும் இதன் குறைகளாகக் கருதப்படுகின்றன.

இறக்குமதியாளர்களும் உரிமம் பெற்ற கடைகளும்

வெளிநாட்டு ரைபிள்கள் பெரும்பாலும் இறக்குமதி நிறுவனங்களின் வழியே சந்தைக்கு வருகின்றன. உரிமம் பெற்ற கடையில் வாங்குபவர் 4473 எனும் படிவத்தை நிரப்ப வேண்டும். 1998 முதல் தேசிய உடனடிப் பின்னணிச் சோதனை முறையும் நடைமுறையில் உள்ளது. கடையில் ரைபிளைக் கையில் எடுத்துப் பார்க்க முடிவது பெரும் நன்மை. மொத்தமாக வரும் ரைபிள்கள் காப்பு மசகு பூசப்பட்ட நிலையிலேயே இருப்பதால், குழலின் உட்புறத்தைத் துடைத்துப் பார்க்காமல் அதன் நிலையை அறிய இயலாது. அஞ்சலில் வாங்குவோருக்காக, கூடுதல் கட்டணம் பெற்று நல்லதொன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் வழக்கமும் சில நிறுவனங்களில் உண்டு.

சேகரிப்பாளர் உரிமம்

ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, தம் மூல வடிவிலேயே உள்ள துப்பாக்கிகளை வாங்க, வகை 03 எனும் கூட்டரசு உரிமம் வழங்கப்படுகிறது. இதற்கான கட்டணம் மூன்று ஆண்டுகளுக்கு 30 டாலர் ஆகும். இவ்வுரிமம் பெற்றவர் வேறு மாநிலத்திலிருந்தும் ரைபிளை நேரடியாகத் தம் முகவரிக்கு வரவழைக்கலாம். ஆனால் வாங்கியவை, விற்றவை அனைத்தையும் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும். இவ்வுரிமத்தைக் கொண்டு வணிகம் செய்ய அனுமதி இல்லை.

கண்காட்சிகளும் தனியார் விற்பனையும்

துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் தனியாட்களிடமும் பல வகை ரைபிள்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பேரம் பேசலாம். ஒரே மாநிலத்தில் வாழும் இரு தனியாட்களுக்கிடையிலான விற்பனைக்குக் கூட்டரசுச் சட்டம் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. பல மாநிலங்கள் தம் சட்டங்களால் அதனைக் கட்டாயமாக்கியுள்ளன. இவ்வகை விற்பனையில் ரைபிளின் முந்தைய வரலாறு விற்பவரின் சொல்லையே சார்ந்துள்ளது. திருப்பிக் கொடுக்கும் வசதியும் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே ரைபிளைச் சோதித்தறிய வல்லவர்களுக்கே இது ஏற்றது.

வாங்குமுன் நோக்க வேண்டியவை

- தோட்டா இடைவெளி: மூடிய போல்ட்டின் முகப்புக்கும், தோட்டாவைத் தாங்கி நிறுத்தும் இடத்துக்கும் இடையிலான தொலைவு. இது அளவுக்கு மிஞ்சினால் சுடும்போது தோட்டாவின் கூடு கிழிந்து, வெப்ப வளி சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். இதனை அளக்கத் தனி அளவுகோல்கள் உள்ளன. லீ-என்ஃபீல்டு போன்றவற்றில் போல்ட்டின் எண்ணும் ரைபிளின் எண்ணும் வேறுபட்டால் இச்சோதனை இன்றியமையாதது.
- குழலின் தேய்மானம்: காரண்ட் ரைபிளைக் குழல்வாய் வழியாகவே துப்புரவு செய்ய இயலும். துப்புரவுக் கம்பி உராய்ந்து குழல்வாய் தேய்ந்தால் குறி தவறும். எனவே வாய்ப்பகுதி, தோட்டா அறையை அடுத்த பகுதி ஆகிய இரண்டும் அளக்கப்படுகின்றன.
- தொடரெண்: எம்1903 ரைபிள்களில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 800,000 க்கும், ராக் ஐலண்டு ஆலையின் 285,507 க்கும் குறைந்த எண்கள் கொண்டவற்றைச் சுட வேண்டாமெனக் குடிமக்கள் குறிசுடுதல் திட்டம் அறிவுறுத்துகிறது. அக்காலத்தில் எஃகின் வெப்பத்தைத் தொழிலாளர் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டனர். மிகையாகச் சூடேறிய எஃகு நொறுங்கும் தன்மை பெற்றதால் சில ரைபிள்கள் சுடும்போது உடைந்து சிதறின.
- பயிற்சி ரைபிள்கள்: சப்பானியப் படைப் பயிற்சிக்கெனச் செய்யப்பட்ட சில ரைபிள்கள் வெற்றுத் தோட்டாவுக்கு மட்டுமே உரியவை. இவற்றின் குழலில் சுருள் வரிகள் இரா. உண்மையான தோட்டாவை இவற்றில் இடுவது உயிருக்கு ஆபத்தானது.

தோட்டாக்கள்

உபரி ரைபிளுக்கு ஏற்ற தோட்டாவைப் பெறுவதும் வாங்கும் முடிவின் ஒரு பகுதியாகும். காரண்ட் ரைபிள் .30-06 தோட்டாவைச் சுட்டாலும், இக்கால வேட்டைத் தோட்டாக்கள் சில அதன் இயக்கத் தண்டை வளைத்துவிடக்கூடும். ஆகையால் 174 கிரெயினுக்கு மேற்பட்ட எடையுள்ள குண்டுகள் தவிர்க்கப்படுகின்றன. இந்தியாவில் இச்சாப்பூர் ஆலையில் செய்யப்பட்ட 2ஏ1 ரைபிளும் அமெரிக்கச் சந்தையில் விற்கப்பட்டுள்ளது. தோற்றத்தில் லீ-என்ஃபீல்டை ஒத்த இது, .303 அல்லாது 7.62 மிமீ நேட்டோ தோட்டாவுக்கு உரியது.

பழைய உபரித் தோட்டாக்கள் பலவற்றின் எரியூட்டியில் பொட்டாசியம் குளோரேட்டு உள்ளது. சுட்டபின் குழலில் படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் துருவை உண்டாக்கும். எண்ணெய் இவ்வுப்பைக் கரைக்காது. ஆதலால் சுட்டவுடன் நீரால் கழுவி, உலர்த்தி, அதன்பின் எண்ணெய் இடுவர்.

இருப்பும் அரசியலும்

காரண்ட் ரைபிள் 1936 இல் அமெரிக்கப் படையால் ஏற்கப்பட்டு, ஐம்பது இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1957 இல் எம்14 அதன் இடத்துக்குத் தேர்வாகியது. எம்14 தொடர்ந்து சுடும் ஆயுதமாகக் கருதப்படுவதால் அது பொதுமக்களுக்கு விற்கப்படுவதில்லை. இதனால் விற்பனைக்குரிய அமெரிக்கப் படை ரைபிள்களின் இருப்பு பெருக வழியின்றிக் குறைந்து வருகிறது.

நட்பு நாடுகளுக்கு வழங்கப்பட்ட காரண்டுகள் திரும்புவதே புதிய வரவாகும். டென்மார்க்கு, கிரேக்கம், பிலிப்பீன்சு ஆகிய நாடுகளிலிருந்து இவை வந்துள்ளன. தென் கொரியா தன்னிடமிருந்த காரண்டுகளை அமெரிக்க வணிகர்களுக்கு விற்க விரும்பியபோது, 2010 இல் அமெரிக்க வெளியுறவுத்துறை அதனை மறுத்தது. 2013 இல், தனியார் இத்தகைய ஆயுதங்களை மீள இறக்குமதி செய்வதற்கு ஒபாமா அரசு தடை அறிவித்தது. 2021 இல் உருசியத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் ஆகியவற்றின் புதிய இறக்குமதி அனுமதிகளுக்கும் அமெரிக்கா கட்டுப்பாடு விதித்தது. 2000 களில் மிக மலிவாகக் கிடைத்த மோசின்-நாகன்ட், பின்னர் விலை உயர்ந்தது.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் தானாகத் தோட்டா ஏற்றும் பெரும்பாலான ரைபிள்கள் 1988 இல் தடை செய்யப்பட்டன. காவல்துறைச் சான்றிதழ் பெற்றோர் லீ-என்ஃபீல்டு போன்றவற்றைக் கழகங்களில் சுடுகின்றனர். இந்தியாவில் .303, 7.62 மிமீ ஆகிய படைத்துறை அளவுகள் தடைசெய்யப்பட்ட வகையில் அடங்குவதால், சாதாரண உரிமம் கொண்டு அவற்றை வாங்க இயலாது.