வாங்க முடியாமல் போன ஒரு கோட்



போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பேத்தி வழக்கம்போல் போனில் ஒரு கொரிய சீரியலில் மூழ்கியிருந்தாள். "கொரியாக்காரங்க கம்ப்யூட்டர் விஷயத்துல நம்மள விட இருபது வருசம் முன்னாடி இருக்காங்க தாத்தா" என்றாள். "இருக்கலாம்மா. ஆனா ஒரே ஒரு விஷயத்துல அவங்க இருபது வருசம் ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு நின்னாங்க. அதைச் சந்திக்கு இழுத்துட்டு வந்ததும் ஒரு சீரியல்தான்" என்றேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். அவள் போனைக் கவிழ்த்து வைப்பதே அபூர்வம் என்பதால், அந்தக் கதையை உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்திய ஆசாமிதானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை 1990-களின் பின்பாதியில் தொடங்குகிறது. 1997-ல் ஆசிய நாடுகளை உலுக்கிய பொருளாதார நெருக்கடியில் தென்கொரியா படுத்துவிட்டது. சர்வதேச நிதியத்திடம் கடன் வாங்கித்தான் எழுந்தது. எழும்போது அது நம்பிய ஊன்றுகோல்களில் ஒன்று இணையம். அதிவேக இணைப்பை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார்கள். வங்கி, கடை, வரி எல்லாவற்றையும் இணையத்துக்குக் கொண்டுவர முடிவு செய்தார்கள்.

அப்போது ஒரு சிக்கல். இணையத்தில் பணம் அனுப்பினால் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்ப வேண்டும். அந்தப் பூட்டுக்குக் குறியாக்கம் என்று பெயர். பிரவுசர், அதாவது உலாவி, அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்காவோ குறியாக்கத்தை நீண்ட காலம் ஆயுதப் பட்டியலில் வைத்திருந்த நாடு. பீரங்கியை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு இருப்பதுபோல் நல்ல பூட்டை ஏற்றுமதி செய்யவும் கட்டுப்பாடு. அதனால் அமெரிக்கர்களுக்கு 128 பிட் பூட்டு, வெளிநாட்டாருக்குப் பொதுவாக 40 பிட் பூட்டு.

40 பிட் என்றால் அந்தப் பூட்டுக்குச் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி சாவிகள் சாத்தியம். நமக்கு அது பெரிய எண். கணினிக்கு இல்லை. 1995-லேயே பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் ஒருவர் நூற்றுச் சொச்சம் கணினிகளை வைத்து எட்டே நாளில் அப்படி ஒரு பூட்டைத் திறந்து காட்டிவிட்டார். ஒவ்வொரு பிட் கூடும்போதும் சாவிகளின் எண்ணிக்கை இரு மடங்காகும். 128 பிட் என்பது வேறு உலகம்.

கொரியர்கள் என்ன செய்தார்கள்? "நீ தராவிட்டால் போ" என்று 1998-ல் தாங்களே ஒரு 128 பிட் பூட்டைச் செய்தார்கள். அதற்கு 'சீட்' என்று பெயர், விதை என்று பொருள். அரசின் தகவல் பாதுகாப்பு நிறுவனம் முன்னின்று செய்தது. 1999-ல் மின் கையொப்பச் சட்டம் வந்தது. அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் குடிமக்களுக்கு மின் சான்றிதழ் தரும். வங்கியில் பணம் அனுப்பவும், இணையக் கடையில் பெரிய தொகைக்குப் பொருள் வாங்கவும் அந்தச் சான்றிதழ் வேண்டும்.

இதுவரை எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தன் மக்களின் பணத்தைப் பாதுகாக்க ஒரு நாடு சொந்தக் காலில் நின்றது. பாராட்ட வேண்டிய செயல்தான்.

சிக்கல் அடுத்த படியில். இந்தப் பூட்டு எந்தப் பிரவுசரிலும் கிடையாது. அதை வெளியிலிருந்து ஒட்டவைக்க வேண்டும். அதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த ஆக்டிவ்எக்ஸ் என்ற வழி கைக்கு வாகாக இருந்தது. ஒரு தளத்துக்குப் போனால், "இந்தச் சிறு மென்பொருளைப் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்கும். 'ஆம்' என்று அழுத்தினால் அது கணினிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், விண்டோஸில் மட்டுமே வேலை செய்யும். தொடக்கத்தில் நெட்ஸ்கேப் பிரவுசருக்கும் தனி இணைப்பு செய்து தந்தார்கள். நெட்ஸ்கேப் சந்தையில் தோற்றுப்போனதும் அதைக் கவனிப்பார் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'கொரியக் குடிமக்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத்தான் பயன்படுத்த வேண்டும்' என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சட்டம் சான்றிதழைக் கேட்டது. சான்றிதழ் கூடுதல் மென்பொருளைக் கேட்டது. மென்பொருள் ஆக்டிவ்எக்ஸைக் கேட்டது. ஆக்டிவ்எக்ஸ் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைக் கேட்டது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் போட்டவர் வேறு வேறு ஆள். முழுச் சங்கிலியைப் போட்டவர் என்று ஒருவரும் இல்லை. ஆனால் கட்டுண்டது ஒரு நாடு முழுவதும்.

2000 ஜனவரியில் அமெரிக்கா அந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்திவிட்டது. 128 பிட் பூட்டு எல்லாப் பிரவுசர்களிலும் வந்துவிட்டது. கொரியா தனிப் பூட்டு செய்ததற்கான காரணமே போய்விட்டது. ஆனால் விதி போகவில்லை. வரலாறு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. காரணம் செத்த பிறகும் விதி பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

அந்தக் காலத்தில் கொரியாவில் ஒருவர் வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டுமானால் சான்றிதழுக்கு ஒரு மென்பொருள், தட்டச்சு செய்வதை யாரும் ஒட்டுப் பார்க்காமலிருக்க ஒன்று, தீச்சுவர் என்று இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'ஆம்', 'ஆம்'. சான்றிதழ் கணினியில் ஒரு கோப்பாகக் கிடக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வெளியே போனால் பென் டிரைவில் போட்டு எடுத்துப்போவார்கள்.

பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு மக்களுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. கேட்பது யார், எதற்கு என்று பார்க்காமல் 'ஆம்' சொல்லும் பழக்கம். வாசலில் வந்து நிற்பவர்க்கெல்லாம் வீட்டுச் சாவியைக் கொடுத்துப் பழகினால், திருடனுக்கும் கை தானாக நீளும்.

உலகம் இதற்கிடையில் மாறிக்கொண்டிருந்தது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1998-ல் தன் பிரவுசரின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திறமூலம் என்பது இதுதான். அதிலிருந்து மொசில்லா வந்தது. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் வந்தது. ஐரோப்பாவில் ஃபயர்பாக்ஸ் கிடுகிடுவென்று பரவியது. கொரியாவில் அது வேர் பிடிக்கவே இல்லை. அவர்களுக்குப் பிடிக்காமல் அல்ல. அதில் வங்கிக் கதவு திறக்காது. லினக்ஸ் வைத்திருப்பவருக்கும் ஆப்பிள் கணினி வைத்திருப்பவருக்கும் அதே கதிதான். வரி கட்டும் குடிமகன் தன் சொந்த அரசின் தளத்துக்குள் போக ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் பொருளை வைத்திருக்க வேண்டியிருந்தது.

இதை எதிர்த்தவர் கொரியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கிம் கீ-சாங். 'ஓபன் வெப்' என்ற இயக்கத்தை நடத்தினார். மற்ற பிரவுசர்களிலும் சான்றிதழ் கிடைக்க வழி செய்யுங்கள் என்று, வங்கிகளுக்கிடையே தீர்வகப் பணி செய்து சான்றிதழும் வழங்கிவந்த நிறுவனத்தின் மேல் 2007-ல் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய் 2009-ல் தோற்றார். அந்த 2007-ன் தொடக்கத்தில்தான் மைக்ரோசாஃப்ட் தன் புதிய விண்டோஸ் விஸ்டாவை வெளியிட்டது. பாதுகாப்புக்காக அதில் ஆக்டிவ்எக்ஸுக்குக் கடிவாளம் போட்டிருந்தார்கள். கொரிய வங்கித் தளங்கள் தடுமாறின. "அவசரப்பட்டு விஸ்டாவுக்கு மாறாதீர்கள்" என்று மக்களுக்கு அரசே சொல்ல வேண்டி வந்தது! ஒரு கம்பெனி தன் பொருளைத் திருத்தினால் ஒரு நாட்டின் வங்கி வேலை தடுமாறும் நிலை. பேராசிரியர் நீதிமன்றத்தில் தோற்றாலும் அவர் சொன்னது உண்மை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2009 கடைசியில் ஐபோன் கொரியாவுக்கு வந்தது. அதில் ஆக்டிவ்எக்ஸ் கிடையாது. 2010-ல் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். வேர் அப்படியே இருந்தது.

இப்போது சீரியலுக்கு வருகிறேன். 2013 டிசம்பரிலிருந்து 2014 பிப்ரவரி வரை 'மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்' என்ற தொடர் ஓடியது. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவனுக்கும் ஒரு நடிகைக்கும் காதல். சீனாவில் அந்தத் தொடருக்குப் பைத்தியமாகத் திரிந்தார்கள். நாயகி சொன் சாங்-யீ போட்டிருந்த கோட்டை வாங்கியே தீர வேண்டும் என்று சீன ரசிகைகள் கொரிய இணையக் கடைகளுக்குப் படையெடுத்தார்கள். கடையோ கொரியச் சான்றிதழைக் கேட்டது. சீனாவில் இருப்பவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? பணம் கையில் இருக்கிறது, பொருள் கடையில் இருக்கிறது, வாங்க வழி இல்லை.

2014 மார்ச் 20-ஆம் தேதி விதிமுறைச் சீர்திருத்தக் கூட்டம் ஒன்று அதிபர் பார்க் குன்-ஹே தலைமையில் நடந்தது. தொலைக்காட்சியில் நேரடியாக மணிக்கணக்கில் ஒளிபரப்பானது. அங்கே அதிபரே இந்தக் கோட் விவகாரத்தை எடுத்துப் பேசினார். பேராசிரியரின் பல ஆண்டு வாதத்துக்கும் வழக்குக்கும் அசையாத விதி, கோட் விற்காமல் போனதும் அசைந்தது. சில மாதங்களுக்குள், 3 லட்சம் வோனுக்கு மேல் வாங்கினால் சான்றிதழ் கட்டாயம் என்ற விதி நீங்கியது.

அதோடு முடிந்ததா? இல்லை. ஆக்டிவ்எக்ஸை எடுத்த பல தளங்கள், "அதற்குப் பதில் இந்த மென்பொருளை இறக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றன. பெயர் மாறியது, பழக்கம் மாறவில்லை. 2017 தேர்தலில் மூன் ஜே-இன் இதை ஒழிப்பதையே ஒரு வாக்குறுதியாகத் தந்தார். அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழுக்கு இருந்த தனி உரிமை 2020 டிசம்பர் 10-ஆம் தேதிதான் போனது. 1999-லிருந்து எண்ணிப் பாருங்கள், 21 ஆண்டுகள். 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கே ஓய்வு கொடுத்தபோது, கியோங்ஜு நகரில் ஒரு கணினிப் பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல் வைத்தார். மற்ற பிரவுசர்களை இறக்கிக்கொள்ள நல்ல கருவியாக இருந்தது என்று கேலியாக அதில் பொறித்திருந்தார். சிரிப்புக்குள் இருபது வருட எரிச்சல் இருந்திருக்கும்.

பட்ட பிறகு புத்தி வந்தது என்றும் சொல்லலாம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2020 ஜனவரியோடு நிற்கப்போகிறது என்றதும், அரசுக் கணினிகளில் லினக்ஸைச் சோதித்துப் பார்க்கப்போவதாகக் கொரிய உள்துறை அமைச்சகம் 2019-லேயே அறிவித்தது. செலவு ஒரு காரணம். ஒரே நிறுவனத்தை நம்பி நிற்கும் நிலையைக் குறைப்பது இன்னொரு காரணம்.

நம் ஊருக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். பொருந்தும். நான் பணியிலிருந்த கடைசி ஆண்டுகளில் ஒரு அலுவலகத் தளத்தில் விவரம் ஏற்ற வேண்டியிருந்தது. 'இந்தப் பிரவுசரில் மட்டும் திறக்கவும்' என்று தலைப்பிலேயே எழுதியிருந்தது. அந்தப் பிரவுசர் பள்ளியில் ஒரே ஒரு பழைய கணினியில்தான் இருந்தது. அது படுத்துவிட்டால் வேலையும் படுத்துவிடும். அறையில் நல்ல புதுக் கணினிகள் இருந்தும் அந்தக் கிழட்டுக் கணினி முன் வரிசையில் நின்றிருக்கிறோம்.

நல்ல பக்கமும் உண்டு. கேரளம் தன் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளில் நடத்திக் காட்டியது. தமிழக அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? மத்திய அரசு 2010-ல் திறந்த தரநிலைக் கொள்கையும், 2015-ல் திறமூல மென்பொருள் கொள்கையும் வெளியிட்டது.

என்னைக் கேட்டால், இந்த இரண்டில் முதலாவதுதான் அடித்தளம். திறமூலம் நல்லது, இலவசமும் நல்லது. அதைவிட முக்கியம், அரசு ஒரு வேலைக்கு என்ன தேவை என்பதை மட்டும் எழுதுவது. 'பணம் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும்' என்று எழுதினால், அதை நிறைவேற்ற நூறு பேர் நூறு வழி கண்டுபிடிப்பார்கள். 'இன்ன வழியில்தான் போக வேண்டும்' என்று எழுதினால், வழி அடைபட்ட நாளில் நாடே நிற்கும். கொரியா செய்த தவறு பூட்டுச் செய்ததில் இல்லை. அந்த ஒரு பூட்டைச் சட்டத்தோடு சேர்த்துத் தைத்ததில்.

உங்களில் சிலர் இன்று அரசு அலுவலகங்களில் இருக்கிறீர்கள். சிலர் அரசுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். ஒப்பந்தப் புள்ளி எழுதும்போதும், ஒரு தளத்தைச் சோதிக்கும்போதும் இந்தக் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்பாக்ஸில் ஒரு தடவை, பழைய போனில் ஒரு தடவை திறந்து பாருங்கள். உங்கள் அம்மா தன் கையிலிருக்கும் போனில் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். அரசாங்கத்தின் கதவு எல்லோருக்குமான கதவு. அதற்கு ஒரே ஒரு கம்பெனியின் சாவி மட்டும் பொருந்தக் கூடாது.

கதை முடிந்ததும் பேத்தி கேட்டாள்: "அந்தக் கோட் இப்ப ஆன்லைன்ல கிடைக்குமா தாத்தா?" பாடம் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்!

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்